40 நிமிட வகுப்பில் பிள்ளைகள் பாடியது 9 நிமிடம்

தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாளில்தான் இது தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு, 34 பேர். இரண்டு மாதமாகப் பாடிப் பழகிய எட்டு வரிப் பாட்டு. எனக்குக் குரலே எழவில்லை. அடிப்படை ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கையைக் காட்டி, "ஆரம்பிங்க" என்றேன். யாரும் ஆரம்பிக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் மெதுவாக எடுத்தார்கள், அதுவும் ஆளுக்கொரு சுருதியில். மூன்றாவது வரிக்கு வந்தபோது பாட்டு அப்படியே நின்றுபோனது. முந்தின வாரம் இதே பிள்ளைகள் இதே பாட்டைப் பிசகில்லாமல் பாடினார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

உண்மையில் பாடியது நான். அவர்கள் என் குரலின் விரலைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். விரலை எடுத்ததும் நின்றுவிட்டார்கள்.

14 வருடமாக உயர்நிலைப் பள்ளியில் இசை சொல்லித் தருகிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த பருவம் முழுக்க என் வகுப்பையே பிரித்துப் பார்த்துச் சரி செய்வது என்று முடிவு செய்தேன். அப்போது நோட்டில் எழுதி வைத்தவற்றிலிருந்து இதை எழுதுகிறேன். என்னைப் போல வகுப்பறையில் பாட்டுச் சொல்லித் தருபவர்களுக்கு ஒன்றிரண்டாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் வேலை: என் வகுப்பை நானே கேட்பது

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் போனை வைத்தேன். ஒலி மட்டும்தான், படம் இல்லை. கேட்டு முடித்ததும் அழித்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன். போனை என் மேசையில் வைக்காமல் பின்னால் வைத்தது நல்லதாகப் போயிற்று. என் மேசையிலிருந்து கேட்கும் வகுப்பு வேறு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கும் வகுப்பு வேறு.

கேட்கும்போது ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன்: நான் பேசுவது, பிள்ளைகள் பாடுவது, வருகைப் பதிவு, பலகையில் எழுதுவது. ஸ்டாப்வாட்ச்சை வைத்து ஒவ்வொன்றையும் கூட்டினேன். 40 நிமிடத்தில் நான் பேசியது 19 நிமிடம். வருகைப் பதிவுக்கும் அமைதிப்படுத்தவும் 5. பலகையில் நான் எழுத, அவர்கள் பார்த்து எழுத 7. பிள்ளைகள் பாடியது 9. அந்த 9 நிமிடத்திலும் 7 நிமிடம் என் குரல் கூடவே ஒலித்தது. அவர்கள் தாங்களாகப் பாடியது வெறும் 2 நிமிடம்.

ஒரு நாள் அப்படி ஆகிவிட்டதோ என்று இன்னும் மூன்று வகுப்புகளைப் பதிவு செய்தேன். ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே இருந்ததே தவிர, நிலைமை அதேதான்.

நான் பேசியது எல்லாம் நல்ல விஷயம்தான். ஸ்வரம் ஏன் அப்படிப் பிறக்கிறது, மூச்சை எப்படி எடுக்க வேண்டும், வரியின் பொருள் என்ன என்று அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூச்சை எப்படி எடுப்பது என்று மூன்று நிமிடம் கேட்ட பிள்ளைக்கு மூச்சு எடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நீச்சலைக் கரையில் நிறுத்தி வைத்துச் சொல்லித் தந்திருக்கிறேன்.

நான் பாடினால் அவர்கள் கேட்பது, அவர்கள் பாடினால் நான் வாயை மூடுவது

இதை விதியாக வைத்துக்கொண்டேன். சொல்வதற்குச் சுலபம். முதல் வாரம் முழுக்க என் வாய் தானாகத் திறந்தது. கடைசியில் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் அதைப் பார்த்து, நான் மறந்து பாட ஆரம்பித்தால் அவர்களே உதட்டில் விரல் வைத்துக் காட்டத் தொடங்கினார்கள்.

நான் நிறுத்தியதும் இரண்டு குறைகள் வெளியே தெரிந்தன. ஒன்று, பாதிப் பேருக்கு வரியின் நடுப்பகுதி தெரியவே தெரியாது. தொடக்கமும் முடிவும் மட்டும் தெரியும், நடுவில் முணுமுணுப்பு. இது திரும்பத் திரும்பச் செய்தால் சரியாகிற விஷயம். ஒரு வரியை இரண்டாக உடைத்து, நான் ஒரு தரம், அவர்கள் இரண்டு தரம் என்று போனதில் பத்து நாளில் தேறிவிட்டது.

இரண்டாவது குறைதான் பெரிது. சுருதி இறங்கியது. 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு) எடுத்த பாட்டு எட்டாவது வரி முடியும்போது 4½ கட்டைக்கு வந்து நின்றது. ட்யூனர் செயலியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இத்தனை நாளும் இது நடக்காததற்குக் காரணம் என் குரல் அவர்களைத் தூக்கிப் பிடித்திருந்ததுதான்.

சுருதிப் பெட்டியைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். பலன் இல்லை. அறையில் ஓடும் மின்விசிறியின் சத்தத்தை நாம் எப்படிக் கேட்பதில்லையோ, அப்படி அதைக் கேட்காமலே பாடினார்கள். அப்புறம் தற்செயலாக ஒன்று கிடைத்தது. ஒரு நாள் பாட்டின் நடுவில் பெட்டி நின்றுபோனது. பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். வரி முடிந்ததும் மறுபடி போட்டேன். அவர்களுடைய ஷட்ஜமும் (பாட்டுக்கு அடிப்படையான 'ச') பெட்டியின் ஷட்ஜமும் ஒட்டாமல் உரசின. வகுப்பு முழுக்க "ஐயோ" என்றது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்கள் காதே சொல்லியது.

அதிலிருந்து அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டேன். முதல் வரிக்குப் பெட்டி உண்டு. இரண்டாம் வரிக்கு நிறுத்திவிடுவேன். வரி முடிந்து ஷட்ஜத்தில் நிற்கும்போது மறுபடி போடுவேன். ஒட்டினால் அடுத்த முறை இரண்டு வரிக்கு நிறுத்துவேன். ஐந்தாவது வாரத்தில் ஆறு வரி வரைக்கும் பிடித்தார்கள். ஏழாவது வரியில் மேலிருந்து ஒரே தாவலாகக் கீழே இறங்கும் ஓர் இடம் உண்டு. தேவைக்கு அதிகமாகக் கீழே போய் விழுவார்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்து, இறங்கும் ஸ்வரத்தை மெதுவாக, படியில் காலை வைத்துப் பார்ப்பது போல வைக்கச் சொன்னேன். சுருதி இறங்குவது பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கிறது.

தாளத்துக்கும் இதே வழிதான். சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவி ஓடிக்கொண்டே இருந்தால் அது தாளத்தைப் பார்த்துக்கொள்ளும், பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நிமிடத்துக்கு 80 தட்டு, நான்கு தட்டுக்குச் சத்தம், அடுத்த நான்குக்கு மௌனம் என்று வைத்தேன். மௌனம் முடிந்து சத்தம் திரும்பி வரும்போது நாங்கள் எப்போதும் முன்னாலேயே போய் நின்றோம். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து வரும் இடங்களில்தான் ஓடுகிறோம் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தோம்.

வருகைப் பதிவிலிருந்து கிடைத்த நேரம்

5 நிமிடம் வீணாகப் போவது உறுத்தியது. சரி, பெயரையே பாடிக் கூப்பிடலாம் என்று ஆரம்பித்தேன். ச-ப என்று இரண்டு ஸ்வரத்தில் பெயர், அதே இரண்டு ஸ்வரத்தில் "வந்தேன்" என்று பதில். பாடப் பிடிக்காதவர்கள் பேசியே பதில் சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முதல் வாரம் 34 பேரில் 20 பேர் பேசித்தான் பதில் சொன்னார்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரத்தில் பேசியவர்கள் 6 பேர்.

இதனால் நேரம் மட்டும் மிச்சமாகவில்லை. கூட்டமாகப் பாடும்போது ஒளிந்துகொள்ளும் குரல்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. யார் சுருதியில் இருக்கிறார், யார் ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை உள்ள தூரம்) கீழே இருக்கிறார், யாருக்குக் குரல் கம்மியிருக்கிறது என்று நான்கு நிமிடத்தில் தெரிந்துவிடும். வகுப்பு வகுப்பாகத் தேர்வு வைத்தும் எனக்கு இந்த அளவு தெரிந்ததில்லை.

கடைசி வரிசை

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் அதிகம் தவறியிருக்கிறேன்.

என் குரலுக்கு 5 கட்டை வசதி. அதனால் பல வருடமாக எல்லாப் பாட்டும் 5 கட்டையில்தான். கடைசி வரிசையில் உட்காரும் பையன்கள் பலர் உதட்டை மட்டும் அசைப்பார்கள். என் குறிப்பேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக "ஆர்வம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

மதிய இடைவேளையில் நாளைக்கு மூன்று பேர் என்று தனியாகக் கூப்பிட்டு, கீபோர்டை வைத்துக் குரலை அளந்தேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். பேசும் குரலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்வரத்தில் வாயை மூடி "ம்ம்" என்று பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து கீழே ஒவ்வொன்றாக, அப்புறம் மேலே ஒவ்வொன்றாகப் போவேன். கழுத்து நரம்பு புடைத்தாலோ முகவாய் மேலே தூக்கினாலோ அங்கேயே நிறுத்திவிடுவேன். எட்டக்கூடிய எல்லையை விட்டுவிட்டு, வலிக்காமல் பாடக்கூடிய எல்லையை மட்டும் எழுதினேன்.

ஆண்பிள்ளைகளுக்கு இந்த வயதில் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேசும் குரலே ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும், ஆனால் இரண்டு மூன்று அரை ஸ்வரம் அளவுக்குத்தான், கூடவே கொஞ்ச நாளைக்குக் குரலில் காற்று கலந்திருக்கும். ஆண்பிள்ளைகளின் குரல் மாற்றத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டிய இசைக் கல்வி ஆய்வாளர் ஜான் குக்சியின் வகைப்பாடு எனக்கு மிகவும் உதவியது. மாற்றத்தின் நடுவில் பாடக்கூடிய எல்லை மிகவும் சுருங்கும் ஒரு காலம் உண்டு. என் வகுப்பில் ஒரு பையனுக்கு வசதியாக வந்தது ஐந்தே ஸ்வரங்கள். அவனிடம் போய் ஒரு முழு ஸ்தாயி ஏறி இறங்கும் பாட்டை 5 கட்டையில் பாடச் சொல்லியிருக்கிறேன். 5 கட்டையில் மேல் ஷட்ஜம் 392 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 392 அதிர்வு. அவனால் அங்கே கத்த முடியும், பாட முடியாது. அவனுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை, அந்த ஸ்வரங்கள் அவன் தொண்டையில் அந்த மாதம் இல்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். என் ஷட்ஜத்தைப் பிடிக்கச் சொன்னேன். எங்கேயோ கீழே பிடித்தான். மறுபடி சொன்னேன், இன்னும் கீழே போனான். முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வராது மிஸ், விட்ருங்க" என்றான்.

"சரி, என்னை விடு. உனக்கு எது வருதோ அதைப் பிடி" என்றேன். ஒரு ஸ்வரத்தைப் பிடித்தான். கீபோர்டில் தேடினால், அதன் நடுவில் இருக்கும் ஸி (C) ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்த ஸி. என் குரல் அங்கே போகாது. ஒரு ஸ்தாயி மேலே நான் பாடினால் அவனுக்கு அது வேறு ஸ்வரமாகத்தான் கேட்கிறது. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் நடுவில் உள்ள இந்த ஒரு ஸ்தாயி இடைவெளி எனக்குப் பழகிப்போனது, அவனுக்கு அது புதிர். அதனால் குரல் உடைந்து நிலைத்துவிட்ட பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். "நீ அவன் இருக்கிற இடத்துக்குப் போ" என்றேன்.

பெரியவன் வாயை மூடி "ம்ம்" என்று எடுத்தான். இரண்டு குரலும் கிட்ட வந்தன, ஆனால் ஒட்டவில்லை. இரண்டு ஸ்வரம் மிக நெருக்கமாக இருக்கும்போது ஒலி விட்டு விட்டு அலைபோல ஏறி இறங்கும். ஒன்று 130 அதிர்வு, இன்னொன்று 133 என்றால் விநாடிக்கு மூன்று அலை. இருவரையும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு அந்த அலையைக் கேட்கச் சொன்னேன். பெரியவன் மெல்ல மெல்லச் சரி செய்தான். அலை மெதுவாகி, நின்றது. சின்னவன் கண்ணை அகலத் திறந்து, "மிஸ், ஒண்ணாயிடுச்சு!" என்றான்.

சுருதி சேர்வது என்றால் என்ன என்று அவனுக்கு அன்றுதான் உடம்பில் தெரிந்திருக்கிறது. நான் மூன்று வருடமாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவன் பிடிக்க, பெரியவன் ஒரு ஸ்வரம் மேலே நகர்ந்து காத்திருந்தான். இவன் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அன்று மூன்று ஸ்வரம். அது போதும் என்று நிறுத்திவிட்டேன்.

பாட்டை 4 கட்டைக்கு இறக்கினேன். பெண்களில் சிலருக்குக் கீழ் ஷட்ஜம் கொஞ்சம் கனத்தது, அவர்களை மேல் வரிகளுக்கு முன்னால் நிறுத்தினேன். குரல் மாறிக்கொண்டிருந்த ஆறு பையன்களுக்காகத் தனியாக ஒரு ஸ்வர வரிசை எழுதினேன். கீழ்ப் பஞ்சமம் (ப), ஷட்ஜம் (ச), ரிஷபம் (ரி) என்று மூன்றே ஸ்வரம். மேலே பாட்டு போக, இவர்கள் கீழே அதைத் தாங்க வேண்டும். முதல் தடவை இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது முன்வரிசைப் பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையை அந்த வகுப்பு திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காத்திருப்பதும் பாராட்டுவதும்

பதிவுகளைக் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. "இது என்ன ஸ்வரம்?" என்று கேட்டுவிட்டு ஒரு விநாடியில் நானே பதில் சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பற்றி இதையேதான் எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் ஒரு விநாடி போலத்தான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பிக்கிறார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலால் நான்கு தட்டு எண்ணினேன். இசை வகுப்பில் காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்ட ஸ்வரத்தை மனசுக்குள் மறுபடி பாடிப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு நேரம் வேண்டும். நான் அவசரப்பட்டு வேறு ஸ்வரத்தைப் பாடிவிட்டால் அவள் மனசில் பிடித்து வைத்திருந்தது கலைந்துவிடும்.

அப்புறம், "நல்லா இருக்கு, இன்னொரு தரம்." ஒரே வகுப்பில் 14 முறை சொல்லியிருக்கிறேன். நல்லா இருந்தால் ஏன் இன்னொரு தரம்? எது நல்லா இருந்தது? பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காரணத்தைச் சொல்லித்தான் திரும்பப் பாட வைப்பது என்று மாற்றிக்கொண்டேன். "மூன்றாம் வரியின் கடைசிச் சொல் முடிவதற்குள் மூச்சு எடுத்துட்டீங்க, இந்தத் தடவை முடிச்சிட்டு எடுங்க." செய்து முடித்ததும் சரியாக வந்ததா என்று அவர்களைத்தான் கேட்பேன்.

சரிப்படாதவையும் உண்டு. பத்துக் கேள்வி வைத்து ஒரு சுயமதிப்பீட்டுத் தாள் தயாரித்தேன். ஒரு வார இறுதி முழுக்க அதற்கே போனது. பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டு, வகுப்பு முடிகையில் ஒரு துண்டுத்தாளில் ஒரே கேள்வி கேட்டேன்: இன்று எந்த இடத்தில் சிக்கினாய்? பெயர் எழுத வேண்டாம். அதில் ஒரு தாளில், "இரண்டாம் வரியில் எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியவில்லை, மற்றவர்கள் பாடுவதால் நான் சும்மா இருந்துவிடுகிறேன்" என்று இருந்தது. அடுத்த வகுப்பில் முதல் வேலையாக இரண்டாம் வரியில் மூச்சுக்கான இடத்தைப் பலகையில் குறித்தேன். 34 பேரில் பாதிக்கு மேல் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்கள். தெரியாதது ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை.

குழுக்களாகப் பிரித்து ஒரே அறையில் பயிற்சி செய்ய விட்டதும் சரிவரவில்லை. நாலு குழுவும் பாடினால் யாருக்கும் தன் குரல் கேட்பதில்லை. இரண்டு குழு பாட, இரண்டு குழு பென்சிலோடு கேட்டுக் குறிப்பது என்று மாற்றியதும் ஓரளவு பரவாயில்லை.

பருவத்தின் கடைசியில் மறுபடி போனை அதே அலமாரியில் வைத்தேன். நான் பேசியது 8 நிமிடம். பெயர் பாடியது 4. பலகை 4. பிள்ளைகள் பாடியது 24 நிமிடம், அதில் நான் கூடப் பாடாமல் 19. பாட்டு பழைய பதிவைவிடக் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. என் குரல் மேலே பூசாததால் ஒவ்வொரு பிசிறும் கேட்கிறது. எனக்கு இந்தப் பதிவுதான் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் இன்னும் தொடங்கவே இல்லை, அங்கே நேரம் வேறு கணக்கு.

ஆறு பையன்களின் குரலை ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்கிறேன். இன்று மதியம் அந்த ஐந்து ஸ்வரப் பையன் வந்திருந்தான். கீழே இரண்டு ஸ்வரம் புதிதாக வந்திருக்கிறது. மேலே ரிஷபம் போய்விட்டது, எடுக்கும்போது குரல் இரண்டாக உடைகிறது. "மிஸ், என் லைன் மாறுமா?" என்று கேட்டான். மாறும் என்றேன். ரிஷபம் வரும் நான்கு இடத்திலும் அவனுக்குக் கீழ்ப் பஞ்சமத்தைப் போட்டுப் பார்க்கிறேன். மூன்று இடத்தில் பொருந்துகிறது. நான்காவது இடத்துக்கு நாளைக் காலைக்குள் வேறு ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும்.